ஆயிரம் கெஜத்துக்கு ஒரு தோட்டா: கையால் நிரப்பத் தொடங்குபவருக்கு

நூறு கெஜத்தில் ஒரே துளையில் விழுந்த இரண்டு குண்டுகள், ஆயிரம் கெஜத்தில் ஓர் அடி மேலும் கீழுமாக விழும். ரைஃபிள் அதேதான், சுட்டவரும் அவரேதான், காற்றும் அசையவில்லை. ஒரு குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பியது; மற்றது 2,655 அடியில் கிளம்பியது. அவ்வளவுதான் வித்தியாசம். 6.5 கிரீட்மோர் என்ற ரைஃபிள் தோட்டாவில் 140 கிரெயின் (சுமார் ஒன்பது கிராம்) குண்டைப் போட்டுச் சுட்டால், வேகத்தில் 10 அடி குறைந்தாலே ஆயிரம் கெஜத்தில் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று அங்குலம் கீழே இறங்கிவிடும். நூறு கெஜத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

அதனால்தான் தொலைதூர இலக்குச் சுடுதலில் இறங்குபவர்கள், கடையில் வாங்கிய பெட்டியைவிட்டு, சீக்கிரமே தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பப் பழகுகிறார்கள். அவர்கள் தேடுவது ஒரே சீரான வேகம். வேகத்தைக் கூட்டுவதற்காக இந்த வேலைக்கு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு என் அறிவுரை, வராதீர்கள் என்பதுதான். அதிக வேகம் வேண்டுமென்றால் பெரிய தோட்டாவுக்கான ரைஃபிளை வாங்குவதே பத்திரமான வழி.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். முதலாவது, சட்டம். சில நாடுகளில் துப்பாக்கி உரிமம் இருந்தாலே தோட்டா நிரப்பலாம். சில இடங்களில் பவுடருக்கும் அதைப் பற்றவைக்கும் சிறு மூடியான ப்ரைமருக்கும் தனி உரிமம் வேண்டும், வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. சில இடங்களில் தனிநபர் நிரப்புவதே குற்றம். உங்கள் ஊர் விதியை உரிமம் தரும் அலுவலகத்திலேயே கேட்டு, எழுத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே ஒரு ரூபாயோ டாலரோ செலவழியுங்கள். இரண்டாவது, இந்தக் கட்டுரையில் எந்தத் தோட்டாவுக்கு எத்தனை கிரெயின் பவுடர் என்ற கணக்கு இருக்காது. அந்த எண்ணைப் பவுடர் கம்பெனியோ குண்டு கம்பெனியோ அச்சிட்ட லோடிங் கையேட்டிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். அந்த எண்களை அவர்கள் அழுத்தமானி பொருத்திய சோதனைக் குழலில் சுட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நண்பர் சொன்னது, இணையத்தில் யாரோ எழுதியது, என் குறிப்பேட்டில் உள்ளது எதுவும் உங்கள் ரைஃபிளுக்குப் பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தோட்டாவுக்குள் என்ன நடக்கிறது

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது: பித்தளை உறை, அதன் அடியில் ப்ரைமர், உள்ளே பவுடர், வாயில் குண்டு. மற்ற மூன்றும் ஒருமுறையோடு போய்விடும். உறை மட்டும் திரும்ப வரும். அதைத்தான் நாம் மறுபடி மறுபடி நிரப்புகிறோம்.

உறைப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது உறை வீங்கி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரோடு ஒட்டி, எரிவாயு பின்னால் கசியாமல் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் இம்மியளவு சுருங்கும். அந்தச் சுருக்கம் இருப்பதால்தான் சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் திறக்க முடிகிறது. .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் என்ற இரண்டு தோட்டா வகைகளுக்கும் அமெரிக்கத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. உங்கள் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இந்த அழுத்தத்தை அடைத்து வைத்திருப்பது போல்ட்டின் எஃகும் இந்தப் பித்தளையும்தான். ஒவ்வொரு அளவையும் ஏன் இத்தனை முறை சரிபார்க்கச் சொல்கிறேன் என்பது இதிலிருந்து புரியும்.

ப்ரைமரில் இரண்டு வகை. பாக்ஸர் வகை உறையில் நடுவில் ஒரே தீத்துளை. பெர்டன் வகையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நமக்கு வேண்டியது பாக்ஸர் மட்டும்தான். பழைய ப்ரைமரை வெளியே தள்ளும் ஊசி அந்த நடுத்துளை வழியாகத்தான் போகும். பெர்டன் உறையை, உறையை அளவாக்கும் அச்சான டையில் விட்டால் ஊசி உடையும். பாக்ஸர் ஓர் ஆங்கிலேயர், பெர்டன் ஓர் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்ஸர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பரவியது பெர்டன்.

பவுடர் என்றதும் பட்டாசுக் கரிமருந்தை நினைத்துவிடக் கூடாது. இது புகையில்லா மருந்து, நைட்ரோசெல்லுலோஸ். 1884இல் பிரான்சின் பால் வியெய் உருவாக்கியதிலிருந்து வந்த வழி. இது எரிகிறது, ஆனால் எரியும் வேகம் ரகத்துக்கு ரகம் மாறும். கைத்துப்பாக்கிக்கு வேகமாக எரிவது வேண்டும். நீண்ட குழலும் கனமான குண்டும் உள்ள ரைஃபிளுக்கு மெதுவாக எரிவது வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிக் கறுப்புத் துகள்களாக இருக்கும். மெதுவாக எரியும் பவுடரின் எடையில் வேகமாக எரியும் பவுடரைப் போட்டால் ரைஃபிள் சிதறும். இந்த வேலையில் நடக்கும் மோசமான விபத்துகள் பலவற்றுக்குக் காரணம் இப்படி டப்பா மாறிப்போவதுதான்.

மேசையில் என்னென்ன

முதலில் கையேடு, முடிந்தால் இரண்டு கம்பெனிகளுடையது. பிறகு ஒரு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்: கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலை மட்டும் செய்யும் கனமான இரும்பு அழுத்தி. ஒரே இழுப்பில் ஐந்து வேலை செய்யும் புரோகிரசிவ் பிரஸ் புதியவருக்கு வேண்டாம். ஒரே நேரத்தில் ஐந்து இடத்தில் கவனம் வைப்பது பழகிய கைக்கே சிரமம். உங்கள் தோட்டா அளவுக்கான டை செட், உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், உறையில் பூசும் வழுக்கு எண்ணெயான லூப், டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், அதில் மாட்டி, உறையின் உடல் கழுத்தாகக் குறுகும் தோளின் அளவும் குண்டின் வளைவு அளவும் எடுக்கும் கம்பேரட்டர், நீண்ட உறையை வெட்டும் ட்ரிம்மர், வாயின் விளிம்பைச் சீவும் சிறு கருவி, ப்ரைமர் பதிக்கும் கைக்கருவி, கிரெயினில் எடை காட்டும் தராசு, சோதனை எடைக்கல், புனல், ஐம்பது குழி உள்ள லோடிங் பிளாக். கூடவே, தப்பாக நிரப்பியதைப் பிரிக்கும் புல்லட் புல்லர். கடைசியாகப் பாதுகாப்புக் கண்ணாடி, ப்ரைமரைத் தொடும் நேரமெல்லாம் அது கண்ணில் இருக்க வேண்டும்.

ஒரு கிராமில் 15.43 கிரெயின். தராசு காட்டும் 0.1 கிரெயின் என்பது ஆறரை மில்லிகிராம். மெல்லிய குச்சிப் பவுடரில் அது சில துகள்களே. 6.5 கிரீட்மோர் அளவு உறையில் இந்த 0.1 கிரெயின் வித்தியாசம் வேகத்தில் நொடிக்கு ஐந்தாறு அடியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். சாதாரணத் தராசு தொடக்கத்துக்குப் போதும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். பெரும் விலை தராசை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இருக்கும் தராசை ஒழுங்காக நடத்த வேண்டும்: அரை மணி நேரம் முன்பே ஆன் செய்து சூடேற விடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், செல்போனை வேறு அறையில் வையுங்கள். ஒரு மாலை, தராசின் எண் சும்மா இருக்கும்போதே 0.2 மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் தராசைப் பிரித்துத் துடைத்த பிறகுதான், என் சட்டைப்பையில் போன் இருப்பது உறைத்தது. எடுத்து வெளியே வைத்ததும் எண் நின்றது. அன்று அதுவரை நிரப்பியிருந்த பதினான்கையும் கொட்டி மறுபடி நிறுத்தேன்.

உறையைத் தயார் செய்தல்

தொடக்கத்தில் ஒரே கம்பெனியின் புது உறை நூறு வாங்குங்கள். சுடுதளத்தில் பொறுக்கிய உறைகளில் கம்பெனிகள் கலந்திருக்கும். வெளியே ஒரே அளவாக இருந்தாலும் சுவரின் தடிமன் மாறும். உள்ளே இடம் கூடும், குறையும். அதே பவுடருக்கு அழுத்தமும் வேகமும் மாறும். மேலே சொன்ன ஒரே வேகம் அங்கேயே கெட்டுவிடும்.

சுட்டு வந்த உறையை முதலில் கண்ணால் பாருங்கள். கழுத்தில் வெடிப்பு, வாயில் நசுங்கல், ப்ரைமர் குழியைச் சுற்றிக் கரி கசிந்த தடம் எது இருந்தாலும் அதை நசுக்கிப் பழைய பித்தளையில் போட்டுவிடுங்கள். பிறகு அடிப்பகுதிக்குச் சற்று மேலே உடலைப் பாருங்கள். சுற்றிலும் பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தால், உள்ளே சுவர் மெலிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்து, நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்து, உறைக்குள் விட்டுச் சுவரோடு உரசிக்கொண்டே மேலே இழுங்கள். மெலிந்த இடத்தில் கொக்கி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவது விரலுக்குத் தெரியும். அந்த உறை அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ சேம்பருக்குள்ளேயே இரண்டாகப் பிரியும். விலையில்லாத இந்தக் கொக்கிதான் என் மேசையில் நான் அதிகம் நம்பும் கருவி.

சுத்தம் செய்வதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். மக்காச்சோளத் தூளிலோ வால்நட் ஓட்டுத் தூளிலோ டம்ளர் மெஷினில் இரண்டு மணி நேரம் ஓடினால் போதும். பளபளப்பு அழகுக்குத்தான். அந்தத் தூசியில் ஈயம் இருக்கும். வெளியே திறந்த இடத்தில் சலித்து எடுங்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டாம்.

அடுத்தது ரீசைசிங். சுட்டதும் சேம்பர் அளவுக்கு வீங்கிய உறையை டைக்குள் தள்ளி மறுபடி சிறிதாக்கும் வேலை. லூப் பூசாமல் தள்ளினால் உறை டைக்குள் இறுகிவிடும். பிறகு துளையிட்டு, மரையிட்டு, போல்ட் மாட்டி இழுத்துத்தான் எடுக்க முடியும். உடலில் மெல்லிய பூச்சு போதும். தோளில் அதிகம் பூசினால் எண்ணெய் ஒதுங்க இடமில்லாமல் பித்தளையில் பள்ளம் விழும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் உறையைப் பாழாக்குவது இங்கேதான். டையோடு வரும் காகிதத்தில் பெரும்பாலும், ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி, மேலும் கால் சுற்று திருப்பு என்று இருக்கும். எந்த ரைஃபிளிலும் நுழைய வேண்டும் என்பதற்காக எழுதிய பொது வழிமுறை அது. உங்கள் சேம்பர் சற்று நீளமாக இருந்தால், அந்த அமைப்பு உறையின் தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளும். சுடும்போது தோள் மறுபடி முன்னே பாயும். அதற்கான பித்தளை அடிப்பகுதிக்கு மேலிருந்துதான் இழுபடும். ஐந்தாறு முறை இப்படி இழுபட்டால் மேலே சொன்ன வளையம் வந்துவிடும்.

சரியான வழி இது. உங்கள் ரைஃபிளில் இரண்டு மூன்று முறை சுட்ட உறையை எடுத்து, ப்ரைமரைக் கழற்றி, கம்பேரட்டரால் அடியிலிருந்து தோள் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டையை வேண்டுமென்றே உயரமாக வைத்து ஓர் உறையைத் தள்ளுங்கள். அளங்கள். எட்டில் ஒரு பங்கு சுற்று, அதற்கும் குறைவு என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித் தள்ளித் தள்ளி அளங்கள். சுட்ட அளவைவிடத் தோள் 0.05 மில்லிமீட்டர், அதாவது கையேட்டு மொழியில் 0.002 அங்குலம் பின்னால் போனதும் நிறுத்தி லாக் நட்டை இறுக்குங்கள். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு இது போதும். உறையைச் சேம்பரில் விட்டால் போல்ட் தடையில்லாமல் இறங்க வேண்டும். இந்த வேலைக்கு முதல் முறை ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். ஒருமுறை அமைத்துவிட்டால், அதே ரைஃபிளுக்கு அடுத்த முறை சரிபார்த்தால் மட்டும் போதும்.

கழுத்தும் இதே டையில் சுருங்கும். குண்டைப் பிடித்திருக்கும் இறுக்கம் ஒவ்வொரு உறையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கழுத்தின் உள்விட்டம் குண்டின் விட்டத்தைவிடச் சுமார் 0.05 மில்லிமீட்டர் குறைவாக இருப்பது நல்ல தொடக்கம். பல முறை சுட்டுச் சுருக்கியதில் கழுத்துப் பித்தளை கடினப்பட்டு இந்த இறுக்கம் மாறும். அதற்காகத்தான் கழுத்தைத் தீயில் காட்டி அனீலிங் செய்கிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் முதல் ஆண்டில் வேண்டாம். சூடு கழுத்திலிருந்து அடிப்பகுதிக்கு இறங்கினால் உறையின் அடி மிருதுவாகிவிடும். அப்படிப்பட்ட உறையைச் சுடவே கூடாது.

உறை ஒவ்வொரு முறையும் சற்று நீளும். .308 வின்செஸ்டரின் உச்ச நீளம் 2.015 அங்குலம், 2.005க்கு வெட்டச் சொல்வார்கள். 6.5 கிரீட்மோருக்கு உச்சம் 1.920. உச்சத்தைத் தாண்டினால் வாய் சேம்பரின் முனையில் முட்டிக் குண்டைக் கவ்வும், அழுத்தம் ஏறும். வெட்டிய பிறகு வாயின் உள்ளும் வெளியும் லேசாகச் சீவுங்கள். கத்தி முனை போல் கூராக்கிவிட வேண்டாம்.

ப்ரைமர்

.308க்குப் பொதுவாக லார்ஜ் ரைஃபிள். 6.5 கிரீட்மோர் உறை லார்ஜ் குழியோடும் வருகிறது, ஸ்மால் குழியோடும் வருகிறது. வாங்கும்போதே பாருங்கள். மேக்னம் ப்ரைமரும் சாதாரணமும் ஒன்றல்ல. கையேடு எதைச் சொல்கிறதோ அதுதான். ப்ரைமர் குழியின் அடியைத் தொட்டு, உறையின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். விரல் நுனியைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் அந்தத் தோட்டா ரைஃபிளுக்குள் போகக் கூடாது. கைக்கருவியின் பிடியை அழுத்தும்போது ஒரு தடை தெரியும். ஏதாவது ஓர் உறையில் ப்ரைமர் வழுக்கிக்கொண்டு தானாக உள்ளே போனால் குழி அகன்றுவிட்டது. அந்த உறைக்கு அதிக அழுத்தம் பட்டிருக்கிறது. அந்த லோடை, அதாவது பவுடர் அளவும் குண்டும் ப்ரைமரும் சேர்ந்த அந்தச் சேர்க்கையை, மறுபடி யோசியுங்கள்.

பவுடர்

மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா. மற்றவை அலமாரியில், பூட்டில். வேலை முடிந்ததும் மீதியை அதே டப்பாவில் கொட்டி மூடிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். பவுடரை அளந்து ஊற்றும் மெஷரில் பாதி பவுடரை விட்டுவிட்டு அடுத்த வாரம் வந்து, அது எந்தப் பவுடர் என்று யோசிக்க நேர்ந்தால், யோசிக்கவே வேண்டாம். அது குப்பை. விலை பார்க்காமல் அப்புறப்படுத்துங்கள்.

சோதனை எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபாருங்கள். வேலை முடியும்வரை இருபது உறைக்கு ஒருமுறை மறுபடி வையுங்கள். பவுடரைச் சற்றுக் குறைவாகத் தட்டில் போட்டு, கடைசித் துகள்களை ட்ரிக்லர் என்ற சிறு குழாயை உருட்டி ஒவ்வொன்றாக விழவிடுங்கள். எண் நின்ற பிறகு புனல் வழியாக உறையில் ஊற்றுங்கள். ஒரு வேலையை ஐம்பது உறைக்கும் முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால், கையிலிருக்கும் உறையை முடிக்காமல் எழாதீர்கள்.

ஐம்பதும் நிரம்பியதும் எதையும் தொடாமல் பிளாக்கை விளக்கின் நேர் கீழே நகர்த்தி, மேலிருந்து வரிசை வரிசையாகக் கழுத்துக்குள் பாருங்கள். நிரம்பிய உறைகளில் பவுடரின் மேல்மட்டம் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, சாம்பல் நிறத்தில் மினுங்கும். ஒருநாள் நான்காவது வரிசையில் ஒரு கழுத்துக்குள் மட்டும் இருட்டாக இருந்தது. அதில் கால்வாசி மட்டம் குறைவு. அதற்கு அடுத்த உறையில் பவுடர் கழுத்தின் வாய்வரை பொங்கி நின்றது. குச்சிப் பவுடர் புனலின் குறுகிய இடத்தில் குறுக்கே சிக்கிப் பாலம் கட்டியிருக்கிறது; மீதி அடுத்த உறைக்குள் சேர்ந்து விழுந்திருக்கிறது. இரண்டுமே ஆபத்து. இரண்டையும் கொட்டி மறுபடி நிறுத்தேன். அந்தப் பார்வைக்கு அரை நிமிடம்தான் ஆனது. அதைச் செய்யாமல் குண்டைப் பதித்திருந்தால் வெளியிலிருந்து எதுவும் தெரிந்திருக்காது.

குண்டைப் பதித்தல்

தொலைதூரத்துக்கு மெல்ல நீண்ட மூக்கும், பின்புறம் படகு போல் குறுகும் வடிவமும் உள்ள மேட்ச் குண்டு வேண்டும். .308க்குச் சியெரா மேட்ச்கிங் 175 கிரெயின், 6.5க்கு 140 கிரெயினை ஒட்டிய ஹார்னடி, பெர்கர் குண்டுகள் எல்லாம் பலரும் தொடங்கும் இடங்கள். பவுடர் கையேடு பெயர் சொல்லும் குண்டையே எடுங்கள். எடை ஒன்றாக இருந்தாலும் வடிவம் மாறினால் லோடும் மாறும்.

தோட்டாவின் முழு நீளத்தை மூக்கு நுனி வரை அளந்தால் ஏமாற்றும். ஒரே பெட்டியிலேயே நுனிகள் ஏற்ற இறக்கமாக இருக்கும். கம்பேரட்டரை மாட்டி, குண்டின் வளைவு ஆரம்பிக்கும் இடம் வரை அளங்கள். குழலுக்குள் குண்டைச் சுழற்றும் பள்ள வரிகளான புரி தொடங்கும் இடத்தைத் தொடும் நீளம் உங்கள் சேம்பரில் எவ்வளவு என்று ஒரு கேஜால் கண்டுபிடித்து, அதிலிருந்து 0.02 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் பின்வாங்கிப் பதிப்பது நல்ல தொடக்கம். மேகசினுக்குள் அந்த நீளம் நுழைகிறதா என்றும் பாருங்கள். குண்டு புரியை முட்டிக்கொண்டு நின்றால், அதே பவுடருக்கு அழுத்தம் ஏறும். பின்வாங்கிய நிலையில் தேறிய உச்ச லோடை முட்டும் நிலையில் சுடக் கூடாது.

கீழிருந்து மேலே

கையேட்டில் தொடக்க லோடு, உச்ச லோடு என்று இரண்டு எண் இருக்கும். தொடக்கம் பெரும்பாலும் உச்சத்தைவிடப் பத்து சதவீதம் குறைவு. தொடக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கும் கீழே போகவும் கூடாது; மெதுவாக எரியும் பவுடரை உறையில் மிகக் குறைவாகப் போட்டால் எதிர்பாராத அழுத்தம் வருவதுண்டு. தொடக்கத்திலிருந்து சிறு சிறு படியாக, படிக்கு மூன்று தோட்டா வீதம் நிரப்பி, குறைவானதிலிருந்து வரிசையாகச் சுடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கிரோனோகிராஃப் என்ற வேகமானி காட்டும் வேகத்தை எழுதுங்கள். வந்த உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

போல்ட்டைத் தூக்கக் கனமாக இருந்தாலோ, உறையின் அடியில், சுட்ட உறையை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளையின் பளபளப்பான வட்டம் பதிந்திருந்தாலோ, ப்ரைமர் துளைபட்டிருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். மேல் படியில் மீதியுள்ள தோட்டாக்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரியுங்கள். ஆனால் இந்தத் தடயங்களை மட்டும் நம்பி மேலே ஏறாதீர்கள். அவை தென்படும்போது அழுத்தம் எல்லையை ஏற்கெனவே தாண்டியிருக்கக்கூடும். கிரோனோகிராஃப் முன்கூட்டியே சொல்லும். உங்கள் குழல் நீளத்துக்குக் கையேட்டின் உச்ச லோடு தரும் வேகத்தை நீங்கள் அதைவிடக் குறைந்த பவுடரிலேயே எட்டிவிட்டால், அழுத்தமும் அங்கே எட்டிவிட்டது. கூடுதல் வேகம் இலவசமாக வராது.

சூட்டுக்கும் அழுத்தம் ஏறும். தோட்டாப் பெட்டியை வெயிலில் திறந்து வைக்காதீர்கள். சுட்டுச் சூடான சேம்பரில் தோட்டாவை விட்டு நிமிடக்கணக்கில் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

எந்த லோடு நல்லது

இங்கே எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. படிக்கு ஒரே தோட்டா சுட்டு, வேகக் கோட்டில் எங்கே சமமாகத் தெரிகிறதோ அதுவே பொன்னான இடம் என்று பலர் சொல்லித்தருகிறார்கள். ஒரு தோட்டாவில் எதுவும் தெரியாது. மூன்றிலும் தெரியாது. வேகத்தின் சீர்மையைத் திட்ட விலக்கம் என்ற எண்ணால் சொல்கிறோம். ஐந்து தோட்டா சுட்டு அது 10 என்று வந்தால், உண்மையான மதிப்பு 6ஆகவும் இருக்கலாம், 29 வரையும் இருக்கலாம். 95 சதவீத நிச்சயத்தோடு அதற்கு மேல் சொல்ல முடியாது. இருபது சுட்டு 10 வந்தால் உண்மை ஏறக்குறைய 7.6க்கும் 14.6க்கும் நடுவில். எனவே நன்றாகத் தோன்றிய இரண்டு மூன்று லோடுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இருபது சுட்டுப் பாருங்கள். தோட்டாச் செலவு கூடும். ஆனால் ஐந்தை நம்பி ஒரு பருவம் முழுக்க ஆடுவதைவிட அது குறைவு.

அந்த 10 ஆயிரம் கெஜத்தில் என்ன செய்யும்? இருபது குண்டில் மிக வேகமானதற்கும் மெதுவானதற்கும் இடையே சுமார் 37 அடி வித்தியாசம் எதிர்பார்க்கலாம். இறக்கத்தில் அது ஏறக்குறைய பத்து அங்குலம். எஃப் கிளாஸ் என்ற தொலைதூரப் பந்தயத்தில் பத்துப் புள்ளி வட்டம் ஒரு மினிட் கோணம் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), ஆயிரம் கெஜத்தில் பத்தரை அங்குலத்துக்கும் குறைவு. அப்படியென்றால், உங்கள் பிழையும் துப்பாக்கியின் பிழையும் சேரும் முன்னரே, வேக வித்தியாசம் மட்டும் வட்டத்தின் உயரம் முழுவதையும் தின்றுவிடுகிறது. ஒற்றை இலக்கத் திட்ட விலக்கத்தைத் தேடுவது அதனால்தான். பக்கவாட்டில் காற்று தள்ளுவதை இது தீர்க்காது. காற்றைப் படிப்பது தனிக் கலை. அதைத் தளத்தில்தான் கற்க வேண்டும்.

உறைகளை எடை பார்த்துப் பிரிப்பது, தீத்துளையைச் சீவுவது, ப்ரைமர் குழியைச் சமப்படுத்துவது, ப்ரைமரை எடைபோடுவது எல்லாம் பின்னால் வரட்டும். தோள், கழுத்து, பவுடர் எடை, பதித்த ஆழம் இந்த நான்கும் சீராக இருந்தால், கடைத் தோட்டாவை நீங்கள் தாண்டிவிடுவீர்கள்.

சுடும்போது இரண்டு பழக்கம். சுட்டும் வெடிக்காவிட்டால் குழல் இலக்கை நோக்கியே இருக்க, குறைந்தது அரை நிமிடம் காத்திருந்து பிறகு போல்ட்டைத் திறங்கள். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக, உதைப்பும் குறைவாக இருந்தால், அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தளத்தில் அவசரப்படுத்துபவர்கள் இருப்பார்கள். அவர்கள் காத்திருக்கட்டும். இன்னொன்று, மற்றவர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதீர்கள், உங்கள் தோட்டாவையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் சேம்பருக்கு அளந்தது அது.

பவுடரையும் ப்ரைமரையும் வந்த டப்பாவிலேயே, தனித்தனியே, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். கண்ணாடி ஜாடியில் மாற்றுவது தவறு. வேலை நடக்கும் மேசையில் சாப்பாடு கூடாது. முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள், ப்ரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் தேதி, உறை, எத்தனையாவது முறை, ப்ரைமர், பவுடர் பெயரும் லாட் எண்ணும், எடை, குண்டு, வளைவு வரை நீளம் என்று ஒட்டுங்கள். பவுடரின் லாட் மாறினால் மீண்டும் கொஞ்சம் கீழிருந்து ஏறுங்கள். அதே பெயர் அதே டப்பா என்றாலும் எரியும் வேகம் சற்று மாறக்கூடும்.

அந்தக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைக் குழலுக்கு ஒதுக்குங்கள். சுடச் சுடச் சேம்பரின் முன்னால் உள்ள தொண்டை எரிந்து, புரி தொடங்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும். சில நூறு குண்டுக்கு ஒருமுறை கேஜை விட்டு அளந்து, தேதியோடு எழுதுங்கள். குழல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, குண்டை எவ்வளவு முன்னே நகர்த்திப் பதிக்க வேண்டும் என்பதை அந்தப் பக்கமே சொல்லும்.